பூசிய பொந்து

ஏப்ரல் 4
இன்றும் அண்ணன் என்னை மாடி அறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனான். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும்தான்" என்கிறான். என்னை அடித்த புருஷனை இன்னும் மாப்பிள்ளை என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ! ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஹாஸ்டலில் கட்டில், இரண்டும் தயார். நானோ பால்கனியில் நின்று, அதை ஒட்டிய மரத்தில் மரங்கொத்தியை வேடிக்கை பார்க்கிறேன். தலையெழுத்து.

ஏப்ரல் 5
என்ன பகட்டு அதற்கு! பொன் மஞ்சள் முதுகு, செக்கச்செவேல் கொண்டை. வாலை மரத்தில் முட்டுக் கொடுத்துத் தத்தித் தத்தி ஏறுகிறது. பட்டையைக் கொத்திப் பெயர்த்து, நீள நாக்கை உள்ளே விட்டு எறும்பையும் புழுவையும் இழுக்கிறது. பட்டுப்போன கிளையில் பொந்து. இது ஆண். பெண்ணுக்கு நெற்றி மட்டும் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். மாறி மாறி அடைகாக்கின்றன. ஒன்று உள்ளே போனால்தான் மற்றது வெளியே வரும். அண்ணனுக்கு இந்தக் கொத்தும் சத்தமே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6
கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. அண்ணி ஜன்னல் வழியாகச் சாப்பாடு வைத்தாள். முகம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 7
பாவி! காலையில் ஏணி போட்டு ஏறிப் பொந்தைச் சிமெண்டால் அடைத்துவிட்டான். "அண்ணா, உள்ள பொண்ணு இருக்கு!" என்று கத்தினேன். "செவப்புக் கொண்டை பறந்து போனத நானே பாத்தேன். சும்மா கெட" என்றான். ஏணியை எடுக்கக்கூட நேரமில்லாமல் வேலைக்கு ஓடினான்.

உள்ளேயிருந்து டொக் டொக்... எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது? பால்கனிக் கம்பியைத் தாண்டி ஏணியில் கால் வைத்தேன். சாப்பாட்டுக் கரண்டியால் ஈரச் சிமெண்டைத் தோண்டினேன். கறுப்பு நெற்றி எட்டிப் பார்த்தது. என் காதை உரசிக்கொண்டு பறந்தது.

அப்போதுதான் உறைத்தது. அடியே, நீயும் வெளியேதானே நிற்கிறாய்?

திரும்ப ஏறிச் சான்றிதழ்களையும் இந்த டைரியையும் இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். கீழே அண்ணி, கையில் ஈரத்துணி. செத்தேன் என்று நினைத்தேன்.

"கேட்டு தெறந்துதான் இருக்கு. நான் துணி காயப்போடுறேன், ஒண்ணையும் பாக்கல" என்றாள்.

ஏப்ரல் 8
ஞாயிறு. ஹாஸ்டலுக்கு அண்ணி போன் செய்தாள். என்னை அடித்தவன் வந்து கத்திவிட்டுப் போய்விட்டானாம். "உங்கண்ணன் இப்பவும் மாடி ரூமைப் பூட்டிட்டுத்தான் வெளிய போயிருக்காரு" என்றாள். சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. நாளை காலை எனக்கு டியூட்டி.