அடியோடு முறித்த ட்ரில்லியம்

என் அன்பு மச்சானுக்கு,

போன கிழமை உன்னுடைய ஆண்டுத் திவசம். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டில்தான் செய்தோம். உன் தங்கச்சி எட்டுக் கறி வைத்தாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் உன்னோடு கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் ட்ரில்லியம் செடி பூத்தது. மேப்பிள் மரத்தடியில், வெள்ளையாக மூன்று இதழ், அதற்குக் கீழே மூன்று இலை. ஒன்றே ஒன்று. எட்டு வருஷம், மச்சான்.

அதில் நீ இருந்த மட்டும் பக்கத்து வீட்டு வேலிக்கு அங்கால் நின்று சிரித்தாய். சென்ட்-ஆன் சந்தையில் செடி விற்ற மனுசி ஈரப் பாசியில் சுற்றித் தந்த விதையைக் காய முன்னம் அன்றைக்கே புதைத்தேன். பிரெஞ்சுப் புத்தகத்தை அகராதியோடு வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் வசந்தத்தில் வேர் மட்டும் கீழே இறங்கும், மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. அடுத்த வசந்தத்தில் ஒரு சின்ன இலை. பிறகும் வருஷக்கணக்காக ஒரு இலைதான். மேப்பிள் சருகை வாரக் கூடாது, அதுதான் எருவும் போர்வையும். "முற்றம் கூட்டாத வீட்டிலை என்ரை தங்கச்சியைக் குடுத்திட்டன்" என்று நீ ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாய்.

"என்ன மச்சான், இன்னும் ஒரு இலைதானோ? இந்த நேரத்துக்குத் தென்னை வைச்சு இளநி குடிச்சிருப்பன்."

"பனிக்குள்ளை தென்னையோ? பொத்தடா வாயை!"

"சரி, சரி. பூத்தால் முதல் பூ எனக்கு. சொல்லிப் போட்டன்."

பகிடிக்குத்தானே சொன்னாய்? அது உன் தங்கச்சியின் காதில் விழுந்தது. நீ போன பிறகு அதுவே உன் கடைசி ஆசை ஆகிவிட்டது.

திவசத்துக்கு முதல் நாள், "அண்ணைக்கு அந்தப் பூவை வைப்பம்" என்றாள்.

"தொடாதை."

"ஏன்?"

"தொடாதை எண்டால் தொடாதை."

அவ்வளவுதான் சொன்னேன். கர்க்லாண்டிலிருந்து வந்திருந்த உன் மகளும், "ஒரு பூத்தானே மாமா" என்றாள். நான் எழும்பிப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை வாழையிலை வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், உன் படத்துக்கு முன்னால் செம்புக்குள் நிற்கிறது. பூ, மூன்று இலை, தண்டு, எல்லாம்.

"மூண்டு இலை, வில்வம் மாதிரி இருந்தது. அண்ணைக்கு நல்லது எண்டு அடியோடை முறிச்சனான்" என்றாள்.

வந்த சனத்துக்கு முன்னால் கத்தினேன். இலை போனால் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை, இந்த வருஷம் வேறு இலை விடாது, பட்டும் போகலாம் என்று எல்லாம் கத்தினேன். அவள் அகப்பையோடு நின்று முழுவதையும் கேட்டாள்.

"அப்ப, பூவை மட்டும் கிள்ளியிருக்கலாமோ?"

"ஓம்."

"அதை நேற்றே சொல்லியிருந்தா அப்பிடிச் செய்திருப்பனே."

எட்டு வருஷம் தனியே இருந்து படித்த எனக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? மத்தியானத்துக்குள் பூ தலை தொங்கிவிட்டது.

உன்னிலும் பிழை இருக்கிறது. ரோசாப்பூ கேட்டிருக்கக் கூடாதா? மூலைக் கடையிலேயே கிடைக்கிறதே.

நேற்று அந்த இடத்தைச் சுற்றித் தடி நட்டு நூல் கட்டினேன். உன் தங்கச்சி வந்து மற்றத் தலைப்பைப் பிடித்தாள். பிறகு நானாகவே சொன்னேன், இலையுதிர் காலத்தில் இங்கே சருகை வாராதே, அதுதான் இதற்கு எருவும் போர்வையும் என்று. ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ம்" என்றாள்.

கிழங்குக்கு உயிர் இருந்தால் வாற வசந்தத்தில் ஒரு சின்ன இலையாவது வரும். பூவுக்கு இன்னும் எத்தனை வருஷமோ. எனக்கு எழுபத்தாறு. பிடிவாதத்துக்காகவாவது இருப்பேன்.

ஆனால் ஒன்று, மச்சான். அடுத்த பூ உனக்கு இல்லை. அதை ஒருத்தரும் முறிக்க விடமாட்டேன். வேண்டுமென்றால் பழையபடி வேலியால் எட்டிப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிய, இன்னும் முற்றம் கூட்டாத மச்சான்