கடைசி அத்தியாயம் பாக்கி

ஜூலை 8, திங்கள்
அலோர்ஸ்டார் அரசாங்க அலுவலகத்தில் பயிற்சி தொடங்கிவிட்டது. சட்டம் படிக்கிறவள் என்றதும் பதிப்புரிமைப் பிரிவில் போட்டார்கள். பார்வை இழந்தவர்களுக்காகப் புத்தகங்களை யார் யார் ஒலிப்பதிவு செய்யலாம் என்று ஒரு கொள்கை அறிக்கை தயாராகிறது. குறிப்பெடுப்பது என் வேலை. கண் தெரியாத அம்மாவை பீடோங்கில் அத்தை பொறுப்பில் விட்டு வந்தவளுக்கு இந்த வேலையா? சாமி பார்த்துத்தான் கொடுத்திருக்கிறது.

ஜூலை 9
வாடகை அறைக்கு வந்ததும், அம்மாவுக்காக வாசித்துவரும் நாவலில் இன்னோர் அத்தியாயம் பதிவு செய்து அனுப்பினேன். கூலிம் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக மைக்ரோஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சிப் பார்த்த கண்கள் அவளுக்கு. சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது. இப்போது நான் வாசித்தால்தான் அவளுக்குக் கதை.

ஜூலை 17
வரைவில் இன்று படித்தேன்: அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் மட்டுமே பதிவு செய்யலாம், பகிரலாம். அப்போ நான்? வீட்டுக்குள் அம்மா ஒருத்தி கேட்கிறாள், யாருக்குத் தெரியப்போகிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஜூலை 20, பீடோங்
போச்சு. பாசாரில் காய்கறி விற்கும் மருதம்மாள் அக்கா என்னைப் பிடித்து நிறுத்தி, அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகுமா போகாதா என்று கேட்டார். நாவலில் வரும் பொண்ணு! அம்மா என் பதிவுகள் அத்தனையையும் கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். பக்கத்து ஊர் செமிலிங் வரைக்கும் கேட்கிறார்களாம்.

ஏம்மா அனுப்பினே என்றேன்.

"நான் மட்டும் கேட்டு என்ன செய்ய? அதப் பத்திப் பேச ஆள் வேணாமா லா?"

கத்திவிட்டேன். என் வேலை போகும், இனிமேல் பதிவே கிடையாது என்றேன். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. அம்மா தட்டைத் தடவி எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

ஜூலை 21
கிளம்பும்போது பத்திரமாகப் போ என்றாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஒரு பாவி.

ஜூலை 23
மனசு கேட்கவில்லை. மேலதிகாரி புவான் ரொஹானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பயிற்சியிலிருந்து தூக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: எழுத்தாளரிடம் அனுமதி கேட்டாயா?

கேட்கவே இல்லையே! பிரிவு பிரிவாகச் சட்டத்தைப் புரட்டினேன். கதை எழுதியவர் சுங்கைப்பட்டாணியில்தான் இருக்கிறார், ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

ஜூலை 24
எழுத்தாளர் நவமணி அம்மையாரின் எண்ணைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கோயில் பெண்கள் செமிலிங் வரைக்கும் கேட்பதையும் சொன்னேன். "நெசமாவே அவ்ளோ பேர் கேக்கறாங்களா?" என்றார். குரல் உடைந்திருந்தது. தாராளமாக அனுப்பு என்று எழுத்திலும் அனுமதி தந்தார். கடைசி அத்தியாயத்தைத் தானே வாசித்து அனுப்புவதாகவும் சொன்னார்.

அந்த அனுமதியை புவான் ரொஹானாவிடம் காட்டினேன். வரைவின் ஓரத்தில் 'குடும்பத்தினரையும் சேர்க்கலாமா?' என்று எழுதி, அதற்கான குறிப்பை என்னையே தயாரிக்கச் சொன்னார்.

ஜூலை 27, பீடோங்
எழுத்தாளரின் பதிவை அம்மாவும் நானும் சேர்ந்து கேட்டோம். முடிந்ததும் அம்மா போனை ஓரமாக வைத்துவிட்டாள். பிடிக்கலையா என்றேன்.

"நல்லாத்தான் வாசிச்சாங்க. ஆனா அழுகை வர்ற எடத்துல நிக்காமப் போறாங்க. நீன்னா நின்னு மூக்கு உறிஞ்சுவ. நீயே ஒரு தடவ வாசி, ரூபி."

புத்தகத்தைப் பிரித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, அம்மா தன் போனைத் தடவி எடுத்தாள்.

"இரு, ரெக்கார்டு அமுக்கிக்கறேன். கோயில் பொம்பளைங்களும் காத்துக்கிட்டு இருப்பாங்க."