உன் முகத்தில் நான் ஏற்றிய நிறம்

இன்று காலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். தங்கையின் மஞ்சள் நீராட்டுக்கு பேனர் வேண்டுமாம். "அந்த சாயங்கால வெய்யில் கலர் போட்டுக் குடுங்கக்கா" என்றாள். அந்தப் பெயர் நீ வைத்தது. மௌஸை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாய். ஒருநாள் மதியம், கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் மேல் புது லேயர் போட்டு, ஆரஞ்சிலிருந்து ரோஸுக்கு நிறத்தை இழுத்துவிட்டு, அடியிலிருக்கும் முகம் தெரியும்படி அதை மங்கலாக்கினாய். ஏரிக்கரையில் பொழுது சாயும்போது முகத்தில் விழும் வெளிச்சம் அப்படியே வந்தது. "இன்னாடி, எப்படி கீது?" என்று நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாய். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் அதைத்தான் கேட்டார்கள்.

உன் கல்யாண பேனர் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "வெய்யில் கலர் மட்டும் போடு. வேற எதையும் தொடாத" என்றாய். நான் தொட்டேன். வெய்யில் கலருக்கு அடியில் உன் முகத்தை வெளுக்க வைத்தேன். பாசத்தில்தான் செய்தேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மண்டப வாசலில் மாலையும் கழுத்துமாக நின்று அண்ணாந்து பார்த்தாய். "யாருடி இது? நான் அவ்ளோ கருப்பாவா கீறேன்?"

"கல்யாணத்தன்னிக்காவது வெள்ளையா இருந்துட்டுப் போயேன்டி" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், உன் மாமியார் வீட்டுப் பெண்களும்தான். நீயும் சிரிக்கப் பார்த்தாய். முடியவில்லை.

அதன்பிறகு நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். மறந்திருப்பாய் என்று நினைத்து மன்னிப்பைத் தள்ளிப்போட்டேன். மூன்றாம் வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு உன் வீட்டுக்காரர் என்னிடம்தான் வந்தார். "கல்யாணப் படத்தையே போடுங்க. அதுலதான் நல்லா கீறா" என்றார். உன் பழைய முகத்தைத் தேடினேன். ஒரிஜினலின் மேலேயே சேவ் செய்து அதை அழித்திருந்தேன். அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. நான் வெளுக்க வைத்த முகத்தையே அச்சடித்துக் கொடுத்தேன். உங்கள் தெருமுனையில் பதினாறு நாள் அது நின்றது.

காரியத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு மாரியே இல்லியேம்மா" என்றார். போட்டோ சரியாக விழவில்லை என்றேன். உன் அம்மாவிடமும் உண்மையை மறைத்தேன்.

உன் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடினால் வந்து நிற்கிறது. அந்தப் படத்தைத் திறந்து அதைத் திரும்பக் கொண்டுவர எத்தனையோ முறை உட்கார்ந்துவிட்டேன். ஒருமுறைகூட வரவில்லை.