சௌம்யா எப்படி ஆடுவாள்?

ஜூன் 2, 2025

மதியம் கம்பெனி மைதானத்துக்கு யூடியூப் சேனல்காரர் ஒருவர் மைக்கோடு வந்தார். ஷூ கம்பெனிகள் கோப்பையை நாலு வருடம் தொடர்ந்து ஜெயித்த பெண்கள் கூடைப்பந்து அணி நாங்கள்தானே.

"உங்க டீம் ஒரு டைனஸ்டி மேடம்."

"அப்படின்னா இன்னா?"

"ராஜ வம்சம் மாதிரி. யாராலயும் அசைக்க முடியாது."

கேட்கவே இனித்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்றார். கேப்டன் ஷஹீன் பானு (நான்தான்) வாயைத் திறந்தாள்: "பந்து என் கைக்கு வந்துட்டா மத்ததெல்லாம் தானா நடக்கும்."

ராத்திரியே வீடியோ வந்துவிட்டது; என்னைப் பெற்ற அம்மி அதை ஏழு முறை பார்த்துவிட்டாள். அம்மிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த நோட்டை நான் தமிழில் எழுதுவதே அதனால்தான்.

ஜூன் 4

சௌம்யா இன்று என்னோடு பேசவில்லை.

எங்களுக்குச் சம்பளம் ஆட்டத்துக்குத்தான். ஆனாலும் மதியம் வரை பெயருக்கு ஒரு வேலை பார்க்க வேண்டும். நானும் அவளும் நிற்பது ஜோடி மேஜை. இடது ஷூ, வலது ஷூ இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, தோலின் நிறம் ஒத்துப்போனால் ஒரே பெட்டியில் வைப்போம். ஒத்துப்போகாமல் ஒதுக்கிய ஒரு ஜோடியைத்தான் நான் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பழுப்பு நிறம், இடது மட்டும் ஒரு சாயல் கருத்தது. "உன் ரெண்டு காலும் ரெண்டு ஊரு" என்று சௌம்யா தினமும் கிண்டல் செய்வாள். இன்று அதுவும் இல்லை.

கோச் ஆதிகேசவன் சார், ஜோடி என்ற வார்த்தையை இந்த மேஜையிலிருந்துதான் மைதானத்துக்குக் கொண்டுபோனார். முதலில் இறங்கும் ஐந்து பேருக்கும் பெஞ்சில் ஆளுக்கொரு ஜோடி உண்டு. அடுத்த ஆட்டத்தில் எதிரணியில் என்னைத் தடுக்கப்போகிறவள் யாரோ, அவளைப் போலவே என் ஜோடி பயிற்சியில் ஆடிக்காட்ட வேண்டும். வீடியோ பார்த்து, அவள் ஓட்டம், முழங்கை, ஏமாற்று வேலை எல்லாவற்றையும். நாலு வருடமாக என் ஜோடி சௌம்யா.

சாயங்காலம் கேட்டே விட்டேன். "இன்னாடி கோபம்?"

"கோபம்லாம் இல்லக்கா. வீடியோ பாத்தேன். எல்லாம் தானா நடக்குதாமே. தானா!"

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு முறைப்பா?

ஜூன் 7

பக்ரீத். வருடா வருடம் பிரியாணியில் முதல் தட்டு சௌம்யாவுக்கு. வரவில்லை. அம்மி கேரியரில் எடுத்துவைத்து, மாலை வரை பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

ஜூன் 19

சௌம்யா போய்ட்டா. ராணிப்பேட்டை கம்பெனி டீமுக்கு. முதல் அஞ்சு பேர்ல இடம் தர்றாங்களாம். எனக்கே சார் சொல்லித்தான் தெரியும்.

போகட்டும். எனக்கென்ன?

பொய். நான் அப்படி இன்னா சொல்லிட்டேன்? — அவ பேரைச் சொல்லல. பேட்டியில மூணு நிமிஷம் பேசி, ஒரு தடவகூடச் சொல்லல.

ஜூலை 12

இந்த வருடக் கோப்பை லீக்கில் முதல் ஆட்டமே தோல்வி. என் புது ஜோடி ஸ்வேதா வேகக்காரி, பயமில்லாதவள். ஆனால் யாரைப் போலவும் நடிக்க வராது. எந்த எதிராளியைச் சொன்னாலும் ஸ்வேதாவாகவே ஆடுகிறாள். நேற்று அவளைத் திட்டினேன்.

ஜூலை 27

ஜெயித்தோம். பழைய முட்டி வலி திரும்பி, மறுபடி வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 23

அரையிறுதியைத் தட்டுத் தடுமாறித் தாண்டினோம். செப்டம்பர் 7 இறுதி ஆட்டம். எதிரில் ராணிப்பேட்டை. என்னைத் தடுக்கப்போவது சௌம்யா.

சார் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டார். "ஷஹீன், நாலு வருஷம் அவ எதிர்ல நின்னவ நீ. சௌம்யா எப்படி ஆடுவா? சொல்லு."

வாயைத் திறந்தேன். "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றுதான் வந்தது.

வாணியம்பாடி நெட்டைக்காரி எப்படி ஆடுவாள் என்று அவள் காட்டியிருக்கிறாள். சென்னைக்காரி எப்படி, ஓசூர் கேப்டன் எப்படி, எல்லாம் காட்டியிருக்கிறாள். சௌம்யா எப்படி ஆடுவாள்? எனக்குத் தெரியாது. என் எதிரில் அவள் ஒரு நாளும் அவளாக நின்றதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30

வேலூரில் ராணிப்பேட்டை அணிக்குப் பயிற்சி ஆட்டம். பஸ் பிடித்துப் போய், புர்காவில் முகத்தை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அம்மியே வந்தாலும் என்னைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

சௌம்யா இடது கைக்காரி! ஜோடி மேஜையில் ஷூவைத் தூக்குவதும் இடது கையால்தான், எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். பந்து விஷயத்தில் மட்டும் யோசிக்கவே இல்லை. எங்கள் எதிராளிகள் எல்லாம் வலது கைக்காரிகள் என்பதால் அவளும் வலது கையாலேயே ஆடியிருக்கிறாள். தடுக்கும்போது அரை அடி பின்வாங்கி இடம் கொடுப்பது போலக் கொடுக்கிறாள். பந்து தரையைத் தொடும் நேரத்தில் இடது கையால் தட்டிப் பறிக்கிறாள். ஆடும்போது சிரிக்கிறாள். எங்களிடம் இருந்தவரை பந்தோடு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அழுதேன். புர்கா அதற்கும் உதவியது.

ஆகஸ்ட் 31

சாரிடம் சொன்னேன்: "என் ஆட்டம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். நான் இறங்கினா அவளுக்கு விருந்துதான். ஸ்வேதா இறங்கட்டும் சார். நான் சௌம்யாவா ஆடிக் காட்டுறேன்."

"இறுதி ஆட்டத்துல கேப்டன் பெஞ்சுலயா?" என்றார் சார்.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது இருந்த தைரியம் இப்போது இல்லை.

செப்டம்பர் 4

இடது தோள் கழன்றுவிடும் போல வலிக்கிறது. நாலே நாளுக்கு இப்படி. அவள் நாலு வருடம்! முதல் நாள் ஸ்வேதாவிடமிருந்து பத்துக்கு எட்டுப் பந்து பறித்தேன். இன்று மூன்றுதான். "அக்கா, உங்களப் பாத்தா பேஜாரா இருக்கு, அப்படியே அவங்கதான்" என்கிறாள். இவ்வளவு சந்தோஷமான பாராட்டை நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 7

58–56. ஐந்தாவது கோப்பை. நான் களத்தில் இருந்தது ஆறு நிமிடம். கடைசி இருபது நொடியில் சௌம்யா அரை அடி பின்வாங்கினாள். ஸ்வேதா ஏமாறாமல் பந்தைக் கை மாற்றிப் போட்டாள். பெஞ்சில் நான் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டிவிட்டது.

சௌம்யா கை கொடுத்துவிட்டுப் போனாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

செப்டம்பர் 14

காலையில் யூடியூப்காரர் மறுபடியும் போன் செய்தார். டைனஸ்டி ரகசியம் பற்றி இன்னொரு பேட்டி வேண்டுமாம். எங்கள் பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரின் நம்பரையும் கொடுத்தேன்.

மதியம் சௌம்யா வந்தாள். அம்மி முதல் தட்டை அவள் முன்னால் வைத்தாள். பாதி சாப்பிட்டு நிமிர்ந்து, "கடைசி வரிசையில வந்து உக்காந்திருந்தியே, முட்டி வலிக்கலையா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முகத்தை மூடிட்டுத்தானே இருந்தேன்?"

"முகத்தை யாரு பாத்தா? ரெண்டு காலும் ரெண்டு ஊரு."

"தெரிஞ்சும் ஏன்டி ஆட்டத்தை மாத்திக்கல? நான் இன்னாத்துக்கு வந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ என்னைப் பாக்கன்னு வந்தது அன்னிக்குத்தான்கா முதல் தடவ. நான் எதுக்கு வேற யாரு மாதிரியோ ஆடணும்?"