சென்ஸாரும் சனிக்கிழமையும்

12, புதன்
காலையிலேயே வெயில். வண்டியில் இஞ்சின் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு மறுபடி. தோல் கம்பெனி போவதற்குள் இரண்டு முறை நின்றது. சனியன்.

சனிக்கிழமை பத்துக்கு வேலூர் கோர்ட். பத்து முதல் பன்னிரண்டு வரை பாப்பாவைப் பார்க்கலாம். நானும் அவள் அம்மாவும் பிரிந்த பிறகு மாதத்தில் இரண்டே சனி. போன இரண்டும் போகவில்லை. ஒன்று ஓ.டி., ஒன்று இதே வண்டி. வக்கீல் இன்று போனில்: "மூணாவது தடவையும் வரலன்னா, நீங்க பாக்கறதையே நிறுத்தச் சொல்லி மனு போடுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வாங்க வேண்டியது: ஹேர் கிளிப், பெட்ரோல், சட்டைப் பொத்தான்.

13, வியாழன்
மெக்கானிக் சலீம் பாய் சைலன்ஸர் கழுத்திலிருந்து சென்ஸாரைக் கழற்றிக் காட்டினார். ஒரே கரி. "இது மோந்து பாத்துதான் இஞ்சினுக்கு பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியான்னு சொல்லுது. மூக்கு அடைச்சிகிச்சி. கிளீனர் காலி. நாளைக்கு ஜும்மா முடிஞ்சி வா, பண்ணித் தர்றேன்."

நாளை மத்தியானம் ஷிப்ட். எப்படிப் போவது? நானே துடைத்துக்கொள்கிறேன்.

14, வெள்ளி
ஃபினிஷிங் செக்ஷனில் கடைசியாகத் தோல்மேல் அடிப்போமே, அந்த ஸ்பிரேயில் கொஞ்சம் கொண்டுவந்தேன். எதைத் துடைத்தாலும் பளபள. கூட வேலை செய்யும் ஏகாம்பரம்: "வண்டிக்கு அடிக்கிறியே, இன்னா, அத்தயும் ஷூவா தைக்கப் போறியா?" சிரித்தேன். எத்தனை நாளாச்சு சிரித்து.

சென்ஸார், கனெக்டர் பின் எல்லாம் துடைத்து மாட்டினேன். விளக்கு அணைந்தது! பஸ்ஸில் போவதுதான் புத்தி. ஆனால் பாப்பா கடைசியாகச் சொன்னது: "அப்பா, அடுத்த தடவ வண்டில ஒரு ரவுண்டு." வண்டிதான்.

15, சனி
9.10, பள்ளிகொண்டா அருகே நின்றது. கழற்றி, துடைத்து, மாட்டி, செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் போச்சு. அதிலேயே 10.30. பாய்க்குப் போன் போட்டேன். "இன்னாத்த போட்டுத் தொடச்ச?" சொன்னேன். "அடப்பாவி, அதுல சிலிக்கான் இருக்குடா. தோலு மின்னும், சென்ஸார் செத்துடும். வண்டிய வுடு, பஸ்ஸப் புடி."

ஹைவேயில் கை காட்டினால் எவன் நிறுத்துவான்? மூன்று பஸ் போய்விட்டது. ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். முட்டாள். பெற்ற பிள்ளையை ஒரு ஸ்பிரேயில் தொலைத்த முட்டாள்.

கோர்ட், 12.20. பிள்ளைகளைப் பார்க்கவிடும் அறை பூட்டியிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சாவியோடு நின்றார். "பன்னெண்டு வரைக்கும் இருந்தாங்க சார்."

"பாப்பா அழுதுச்சாம்மா?"

"இல்ல சார். இனிமே சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ் போலாமாம்மான்னு கேட்டுச்சு. அவங்க அம்மா போலாம்னாங்க. குதிச்சிகினே போச்சு சார், நீங்க கவலப்படாதீங்க."