கரைக்குக் கீழே கொடுத்த பெண்

என் பிரியத்துக்குரிய சம்பந்திக்கு,

கீழேயிருந்து எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்களுக்கும் கைநாட்டு, எனக்கும் கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள், உங்கள் மகள் தெய்வானை. இடையிடையே நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். உங்கள் முறைப்புதான், கண் அப்படியே உங்கள் கண்.

வருகிற ஆடியில் உங்களுக்கு முதல் தெவசம். அன்றைக்கு உங்கள் ஊரும் எங்கள் ஊரும் கலங்கல் பக்கத்தில் கூடும்போது இதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புயலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கும்.

மயிலத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில் நம்முடைய இரண்டு ஊரும். ஏரி உங்களுடையது. கரையின் மேட்டுப்பக்கம் நீங்கள், கரைக்குக் கீழே பள்ளத்தில் நாங்கள். ஏரித் தண்ணீரில் உங்கள் நெல் விளையும். எங்களுக்குக் கிணறுதான், மல்லாட்டைக் கடலையும் கேப்பையும்தான். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போவதற்குப் பெரியவர்கள் கருங்கல்லில் கட்டிவைத்த வாசல் கலங்கல். அந்தக் கல்லுக்கு மேல் வருஷா வருஷம் உங்கள் ஆட்கள் மண்ணும் புல்கட்டியும் வைத்து ஒரு முழம் உயர்த்துவார்கள். கூட நின்ற தண்ணீர் இரண்டாம் போகத்துக்கு ஆகும். யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. எங்கள் ஊர்க்காரனே அந்த வழியாகப் போனால் கூட ஒரு கட்டி வைத்துவிட்டுத்தான் போவான்.

அந்தக் கார்த்திகையிலும் வைத்தார்கள். பிறகு புயல் வந்தது. விடிந்து பால் கறக்கிற நேரத்தில் கரை உடைந்தது. கலங்கலை அடைத்திருந்ததால் தண்ணீருக்கு வேறு வழி கிடைக்கவில்லை, எங்கள் பக்கத்துக் கரையைத் தேடிக்கொண்டது. சத்தம் கேட்டதும் எல்லோரும் பாறைமேட்டுக்கு ஓடினோம். என் தம்பி கோவிந்தன் மட்டும் மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினான். மாடுகள் வந்து சேர்ந்தன. அவன் வரவில்லை.

சுவர் என்று எங்கள் ஊரில் ஒன்றும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தில் சாக்கை மறைப்பாகக் கட்டிக்கொண்டு கிடந்தோம். வளவனூரிலிருந்து யாரோ புண்ணியவான் அரிசி அனுப்பினார். கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவர் குடிசை போட வண்டியில் சவுக்குக் கழி கொண்டுவந்து இறக்கினார். கழி இருந்தது. நடுவதற்குத்தான் எவனுக்கும் மனசு இல்லை.

திண்டிவனத்திலிருந்து அதிகாரி வந்து இரண்டு ஊரையும் கரைமேல் கூட்டிவைத்தாரே, நினைவிருக்கிறதா? நல்ல மனுஷன். ரோட்டோரம் மேட்டில் இடம் தருகிறேன், அங்கே வீடு கட்டிக்கொள்ளுங்கள், இல்லை பழைய இடம்தான் வேண்டும் என்றாலும் சொல்லுங்கள் என்று எங்களையே கேட்டார். மேட்டில் தண்ணீர் இல்லை, கிணறும் நிலமும் பள்ளத்தில். போனால் பிழைப்பு போகும், இருந்தால் உயிர் போகும். வாலிபப் பிள்ளைகள் போகலாம் என்றார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் கீழே கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் ஊர் ஆட்கள் எல்லாம் புயலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் பொம்மையார்பாளையத்தில் கட்டுமரமே பறந்ததாம், நம்ம கரை எம்மாத்திரம் என்றார்கள்.

அப்போது என் தம்பி பெண்டாட்டி அஞ்சலை எழுந்தாள். அவள் சத்தம் போடவில்லை. "புயல் வந்துது, சரி. கலங்கல்ல மண்ணு வச்சது யாருன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்க. நான் அடிக்கவா போறேன்" என்றாள்.

யார் சொல்வார்கள்? நானே தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் எழுந்தீர்கள்.

அப்போது நாம் சம்பந்தி இல்லை. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை இறக்கும்போது வண்டிக்கு வண்டி கிண்டல் பேசிக்கொள்கிற பழக்கம். உங்கள் மாட்டை நான் நோஞ்சான் என்பேன், என் வண்டிச் சத்தத்தை நீங்கள் ஒப்பாரி என்பீர்கள். அவ்வளவுதான் நம் உறவு.

"நாங்கதாம்மா வச்சோம்" என்றீர்கள். "வருசா வருசம் வக்கிறதுதான். காத்து பலமா அடிக்கும்போதே எடுத்திருக்கணும். நாளிக்கி எடுத்துக்கலாம்னு குந்திக்கினு இருந்துட்டோம். என் கையும் அதுல இருந்துது."

உங்கள் பங்காளி வேலாயுதம் உங்கள் துண்டைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருய்யா, ஊரையே மாட்டி வுட்டுக்கினு" என்று பல்லைக் கடித்தார். நீங்கள் துண்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு நின்றீர்கள். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோவிந்தன் போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று இரண்டு ஊரும் வந்தோம். பனந்துண்டு நட்டு, வைக்கோல் பிரி திணித்து, மண் கொட்டி மிதித்தோம். முதலில் ஆளுக்கொரு பக்கம் வேலை செய்தோம், ஆளுக்கொரு பக்கம் கூழ் குடித்தோம். உங்களை மட்டும் எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. உங்கள் ஊரில் உங்கள் வண்டிக்கு ஆள் வரவில்லை, உங்கள் நிலத்துக்கு நடவுக்கு வரவில்லை. நீங்கள் பாட்டுக்கு உங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் நடுவில் வந்து உட்கார்ந்தீர்கள்.

கரை எழும்பியது. ஆனால் கீழே ஒரு கழிகூட எழும்பவில்லை. அடுத்த வருஷம் திரும்ப மண் வைக்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? இதுதான் எங்கள் ஊரின் ஒரே கேள்வி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மயிலம் முருகன்மேல் சத்தியம் செய்கிறோம் என்றார்கள். வறட்சி வந்தால் சத்தியம் வயிற்றை நிரப்புமா என்று எங்கள் ஆட்கள் திருப்பிக் கேட்டார்கள்.

நீங்கள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"உன் பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கேன்னு கமிட்டில சொன்னியே. என் பொண்ணைக் குடுக்குறேன். கரைக்குக் கீழ, உடைப்பு எடுத்த எடத்துக்கு நேரா வூடு கட்டு. அவ அங்க இருந்தா எங்க ஊரான் எவனும் கலங்கல்ல கை வக்க மாட்டான்."

எல்லோரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டார்கள். நான் என்ன சொல்வது? தம்பி சாவுக்குக் காரணமான ஊரில் பெண் எடுப்பதா? அஞ்சலையைப் பார்த்தேன். அவள் தலையில் மண்கூடையோடு நின்றாள். "ஒத்துக்கினவரு வூட்டுப் பொண்ணு வரட்டும்" என்றாள். கூடையைக் கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் முதல் கழியை நட்டேன். பொழுது சாய்வதற்குள் எனக்கு இரண்டு பக்கமும் கழி நின்றது.

தை மாசத்தில் கல்யாணம். உங்கள் பங்காளிகள் ஒருவரும் வரவில்லை. சீர்த்தட்டைத் தூக்க ஆளில்லாமல் நீங்களே தலையில் வைத்துக்கொண்டு கரை இறங்கி வந்தீர்கள். எங்கள் பெண்கள் எதிர்கொண்டு வாங்கினார்கள். "இன்னா சம்பந்தி, கூலி ஆளு மாரி வர்றீங்க" என்று கேட்டேன். "உன் ஒப்பாரி வண்டியை அனுப்புவேன்னு பாத்தேன், அனுப்பலியே" என்றீர்கள். பந்தலே சிரித்தது. உங்கள் கண் மட்டும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வருஷங்கள் கழித்து, போன ஆடியில் நெஞ்சுவலி என்று உங்களை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் மழை எப்படி என்றுதான் கேட்டீர்கள். ஆடியில் என்ன மழை, தூறல்தான் என்றேன். அதற்குமேல் நீங்கள் பேசவில்லை.

இனிமேல் சொல்வது உங்களுக்குத் தெரியாதது.

நீங்கள் போன பிறகு எங்கள் ஊரில் பழைய பயம் திரும்ப வந்தது. அவர் இருந்தவரை சரி, இனி யார் என்று பேச ஆரம்பித்தார்கள். ஏற்கனவே இரண்டு வருஷம் மழை பொய்த்து உங்கள் ஊர் நெல் கருகியிருந்தது. ஐப்பசி முதல் மழையிலேயே ஏரி தளும்பியது. மழை இதோடு நின்றுவிட்டால்? கலங்கலில் வழிந்து போகிற தண்ணீரைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியாதா?

ஒருநாள் காலையில் உங்கள் பங்காளி வேலாயுதம் இன்னும் சிலரோடு கரை இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு வராதவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் வாசலை மிதித்தார். தெய்வானை சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கேட்டார்: "கலங்கல்ல ஒரு சாண் வச்சிக்கலாமா? கேக்காம வக்கக் கூடாதுன்னு வந்தோம்."

கேட்டார்கள், சம்பந்தி. நம் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் கூடிப் பேசியது. கூடவே கூடாது என்றார்கள் பாதிப்பேர். அஞ்சலைதான் கடைசியில், பயிர் கருகினால் அவங்க வீட்டுப் பிள்ளையும் பட்டினிதானே என்றாள். ஒரு சாணுக்கு மேல் கூடாது, ஊருக்கு ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும், வானம் கறுத்தால் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டோம். நானும் தலையாட்டினேன். ஆட்டியது சரிதானா? நீங்கள் பெண்ணையே கொடுத்து நிறுத்தியதை நான் ஒரு சொம்புத் தண்ணீருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேனா? அன்றிலிருந்து ராத்திரியில் எழுந்து எழுந்து வானத்தைப் பார்த்தேன்.

கார்த்திகையில் ரேடியோவில் புயல் சின்னம் என்றார்கள். மறுநாள் விடியும்போதே மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. உங்கள் மகள் பிள்ளையின் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மழை வரும்போதெல்லாம் அப்படித்தான் உட்காருவாளாம். ஒரே வீட்டில் இருந்தும் இத்தனை வருஷமாக நான் கவனித்ததில்லை. என் மகன் சொல்லித்தான் தெரிந்தது.

நானும் மகனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் கரை ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டிருந்தால்? காவலிருந்த எங்கள் ஆள் எங்கே? மேலே போய்ப் பார்த்தால் உங்கள் ஊரே கலங்கலில் நிற்கிறது. எங்கள் ஆளும் அவர்களோடு மண்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தான். வேலாயுதம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடைசிக் கட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கருங்கல்மேல் விழுந்து ஓடைக்குத் திரும்பியது.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா சம்பந்தி, எல்லாம் முடிஞ்சப்புறம் ஜல்தியா வர்றீங்க."

"சொல்லி அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

"எங்க பொண்ணு கீழ இருக்குது. நீங்க வர்ற வரிக்கும் குந்திக்கினு இருப்போமா?"

எங்க பொண்ணு என்றார். உங்கள் துண்டைப் பிடித்து இழுத்த அதே கை மண்வெட்டியைப் பிடித்திருந்தது. எனக்கு மழையில் நின்றது நல்லதாய்ப் போயிற்று, முகத்தை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டாமா?

இப்போது உங்கள் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒன்று சொல்ல வேண்டுமாம். கூழ்ச் சட்டியோடு ஊர் நடுவில் கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் அவளைக் கேட்டீர்களாம், அவள் வீட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது. கரைக்குக் கீழே போகிறாயா அம்மா என்று. தண்ணீருக்குத் தூரம் போக வேண்டாமே என்று அவள் சிரித்தாளாம். இத்தனை நாளாக ஊரில் எல்லோரும், நான் உள்பட, நீங்கள் மகளை அடகு வைத்ததாகத்தான் நினைத்திருந்தோம்.

"நான் சம்மதிச்சுத்தான் வந்தேன்னு எழுதணும் மாமா" என்றாள். எழுது என்றேன். "பயமா இருந்துதுன்னும் எழுதணும். ஒவ்வொரு மழைக்கும்." அதையும் எழுது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என் பொண்ணை யாரும் இந்த மாரி எங்கயும் குடுக்கக் கூடாது. அதை அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

ஆகவே சொல்கிறேன். உங்கள் பேத்தியைத்தான் நீங்கள் பார்த்துவிட்டுப் போனீர்களே, இப்போது என் வண்டிச் சத்தத்தைப் பழித்துக்காட்டுகிறாள். அவளை எந்தக் கரைக்கும் காவலாக வைக்க மாட்டோம். அவள் பிடித்த இடத்துக்குப் போவாள், பிடிக்காவிட்டால் இங்கேயே இருப்பாள். கலங்கலை இரண்டு ஊரும் பார்த்துக்கொள்ளும். ஒருவரை ஒருவர் கேட்காமல் அதன்மேல் ஒரு பிடி மண் விழாது. தெவசத்தன்று எல்லோரையும் எழுந்து நின்று இதைக் கேட்க வைப்பேன். வானம் கறுக்கும்போது என் காலுக்குத் தெம்பு இருக்கிறவரை நானும் மேலே வந்து நிற்பேன். உங்கள் மகள் மூட்டையை அவிழ்த்து, பிள்ளையின் துணியைக் கொடியில் போடுகிற நாள் வரும். அது வரைக்குமாவது வந்து நிற்பேன்.

கீழ்வீட்டு ஒப்பாரி வண்டிக்காரன்,
உங்கள் சம்பந்தி.