எழுபத்திரண்டு மணி நேரம்

அண்ணி,

நேற்று உங்கள் பீரோவைத் திறந்தேன். பாங்கில் கொடுக்க உங்கள் ஆதார் அட்டை வேண்டும் என்று அண்ணன் கேட்டிருந்தார். அவரால் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். புடவை அடுக்குக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் நான்கு சின்ன அட்டைப்பெட்டிகள், எல்லாம் காலி. ஒவ்வொன்றின் மேலும் நீலப் பேனாவால் நீங்கள் எழுதியிருந்தீர்கள். ‘செல்வி, ஏழாம் மாதம்.’ ‘செல்வி, பையன் பிறந்த மறுநாள்.’ ‘செல்வி, இரண்டாவது, ஏழாம் மாதம்.’ ‘செல்வி, பாப்பா பிறந்த அன்று.’ எனக்குப் போட்ட ஊசி மருந்தின் பெட்டிகள். அவற்றை ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்க இனி ஆள் இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆதார் அட்டையை வெகு நேரம் கழித்துத்தான் தேடினேன்.

நாம் இரண்டு பேரும் கடைசிவரை பேசாமலே விட்ட ஒரு மதியம் உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் வரிச்சிக்குடிக்கு வாழ வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணனுக்குப் புதுச்சேரியில் வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் அம்மாவும் நானும் நீங்களும்தான். நீங்கள் என்னைவிட ஐந்து வயதுதான் பெரியவர். ஆனாலும் என் கல்லூரிச் சாப்பாட்டை நீங்கள்தான் கட்டித் தருவீர்கள். கூட ஒரு துண்டு மாங்காய் எப்போதும் இருக்கும்.

உங்களுக்கு நாள் தள்ளி மூன்று மாதம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் பெயர் பதியவில்லை. அண்ணன் லீவு போட்டுக்கொண்டு வந்ததும் போகலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்தப் புதன்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பத்து மணிக்குள் எல்லாம் போய்விட்டது. அம்மா சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள், கஷாயம் போட்டாள். முதல் கரு தங்காமல் போவது ஊரில் நடக்கிறதுதான், இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, களை எடுக்க ஆள் வந்திருந்ததால் வயலுக்குப் போய்விட்டாள்.

மதியம் என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். மறுநாள் என் சிநேகிதியின் அக்காவுக்குக் கல்யாணம். இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

“செல்வி, காரைக்கால் வரைக்கும் கூட வர்றியா? ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம். என்னமோ மனசு சரியில்ல.”

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். “இப்பத்தான் வச்சேன் அண்ணி. நாளைக்குப் போலாம்.”

“சரிம்மா” என்றீர்கள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் நான் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை கல்லூரி. சனிக்கிழமை அண்ணன் வந்தபோது உதிரம் நின்றிருந்தது. இப்போது பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். யாரும் எங்கும் போகவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி உண்டானீர்கள். இந்தத் தடவை முதலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். உங்கள் ரத்தம் பி நெகட்டிவ் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னும் ஏதோ சோதனை வேண்டும் என்றார்கள், மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். ஆண் குழந்தை. பிறந்த சில மணி நேரத்தில் மஞ்சள் பூசினாற்போல் ஆகிவிட்டான். உடம்பிலிருக்கிற ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அண்ணன் அவனை வெள்ளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். அடுத்தது பெண். வயிற்றுக்குள்ளேயே நீர் கோத்து வீங்கி, ஏழாம் மாதம் துடிப்பு நின்றுவிட்டது. அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். அதையும் கேட்டுக்கொண்டீர்கள்.

உங்கள் வயிற்றில் ஒன்றும் தங்காது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதுபடவே சொன்னாள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

டாக்டர் சொன்னதை ஒரு நாள் நீங்களே எனக்கு விளக்கினீர்கள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். உங்கள் ரத்தத்தில் இல்லாத ஒரு பொருள், அப்பா வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. குழந்தையின் ரத்தம் துளியளவு உங்கள் உடம்பில் கலந்தால் போதும், உடம்பு அதை நோய்க்கிருமி போல எண்ணி, அதை அழிக்க எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்கிறது. இம்யூனோகுளோபுலின் என்று அதற்குப் பெயர். அம்மையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் நம்மைக் காப்பதும் அந்த இனம்தான். ஒரு தடவை கற்றுக்கொண்டதை அது மறப்பதில்லை. அடுத்த குழந்தை வந்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற நஞ்சுக்கொடியைக் கடந்து உள்ளே போய், பிள்ளையின் ரத்தத்தை உடைக்கிறது.

“வேலியே பயிர மேஞ்சிருச்சு செல்வி” என்றீர்கள். பிறகு கீரையை அலசப் போய்விட்டீர்கள்.

இது வராமல் தடுக்க ஒரு ஊசி உண்டு என்பதை மட்டும் அன்று எனக்குச் சொல்லவில்லை.

என்னைப் பூவத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான் உண்டானதைச் சொல்ல போன் பண்ணியபோது, சந்தோஷப்பட்டு முடித்த கையோடு என் ரத்தம் என்ன குரூப் என்று கேட்டீர்கள். அட்டையை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். பி நெகட்டிவ். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பூவத்துக்கு வந்துவிட்டீர்கள். அந்த மாதச் சோதனைக்கு நீங்களே என்னை அழைத்துப்போனீர்கள்.

அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். எனக்கு இன்னும் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. ஏழாம் மாதம் ஒரு ஊசி. பிறக்கிற குழந்தை பாசிட்டிவாக இருந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் இன்னொன்று. குழந்தையின் ரத்தம் கலந்ததை என் உடம்பு கண்டுபிடிக்கும் முன்பே அந்த மருந்து அதைத் துடைத்துவிடும். நான் சும்மா இருக்காமல், நடுவில் ஏதாவது ஆகி கலைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“கலைஞ்சாலும் அதே கணக்குதாம்மா. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடணும்.”

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். புதன் மதியம், வியாழன், வெள்ளி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்ணி முடித்துவிட்டேன். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்திருந்தால் போதும். உங்களுக்கு இது எப்போதிலிருந்து தெரியும்? உங்கள் பையனைச் சுமந்தபோதே சொல்லியிருப்பார்கள். அத்தனை வருஷமும் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தீர்கள், என் கல்யாணத்துக்குத் தலை பின்னிவிட்டீர்கள், ஒரு பார்வைகூட மாறவில்லை.

அந்த ஊசியில் என்ன மருந்து இருக்கிறது என்று நீங்கள்தான் டாக்டரிடம் கேட்டீர்கள். அதுவும் எதிர்ப்பொருள்தான் என்றார் அவர். உங்கள் ரத்தத்தில் இருக்கிற அதே வகை. அது ஏற்கெனவே உண்டாகியிருக்கிறவர்கள் கொடுக்கும் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துச் செய்கிறார்கள்.

“அப்ப என்னோடதயே எடுத்து இவளுக்குப் போடுங்களேன்” என்றீர்கள். “என்கிட்ட நெறைய இருக்குங்க. எனக்கு எதுக்கு இனிமே?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படி நேராக எடுத்துப் போட முடியாது, சுத்தப்படுத்த எத்தனையோ படி இருக்கிறது என்று மிகவும் மெதுவாகச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஆரம்பித்தேன். “அண்ணி, அன்னிக்கு நான்...”

“ஜன்னலச் சாத்து. காத்து அடிக்குது, சளி புடிச்சுக்கும்” என்றீர்கள். நான் சாத்தினேன். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

எனக்கு வளைகாப்பு நடந்த அன்று உங்களை வளையல் போடக் கூப்பிடவில்லை. அம்மாதான் வேண்டாம் என்றாள்; நான் தலையைக் குனிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக்கடையில் ஊசி வந்துவிட்டதாகச் சொன்னார்கள் என்று நீங்கள் காரைக்காலுக்குப் போய்விட்டீர்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு வியர்த்து விறுவிறுத்து வந்தீர்கள். சோறு கொண்டுபோகும் ஹாட்பாக்ஸில் ஐஸ், அதற்குள் துண்டில் சுற்றிய அந்தப் பெட்டி. ஐஸ் நேராகப் பட்டால் மருந்து கெட்டுவிடுமாம், அதனால் வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன் என்றீர்கள். என் கை நிறைய இருந்த வளையல்களைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னீர்கள்.

பையன் பிறந்தான். பாசிட்டிவ். நான் கண் விழிக்கும் முன்பே நர்ஸிடம் ஊசியைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டீர்களாம். மூன்று வருஷம் கழித்துப் பாப்பாவுக்கும் அப்படியே. என் இரண்டு பிள்ளைகளும் மஞ்சள் தட்டாமல், வீங்காமல், கத்திக்கொண்டு பிறந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் வரிச்சிக்குடிக்கு அத்தை வீட்டுக்கு ஓடுவார்கள். எது வேண்டுமென்றாலும் எங்களிடம் கேட்பதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிடுவார்கள்.

போன ஐப்பசி மழையில் அண்ணனின் வண்டி வழுக்கியது. அவருக்குக் கை முறிந்தது. உங்களுக்கு வெளியே ஒரு கீறலும் இல்லை. நீங்களே அவரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினீர்களாம். அரை மணி நேரத்தில் வயிறு கனக்கிறது என்றீர்கள். நான் பூவத்திலிருந்து வந்து சேர்ந்தபோது உங்களை ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டுகிறது, நிறைய ரத்தம் ஏற்ற வேண்டும், நெகட்டிவ் ரத்தம் ஒரே ஒரு பைதான் இருக்கிறது என்றார்கள். நான் கையை நீட்டினேன்.

அதற்கு முன் ஒரு நிமிஷம் உங்கள் பக்கத்தில் நின்றேன். உதடு வெளுத்திருந்தது. நான் ரத்தம் கொடுக்கப்போகிறேன் என்றதும் கண்ணைத் திறந்தீர்கள்.

“சாப்ட்டியா? சாப்டாம குடுக்காத, மயக்கம் வந்துரும்.”

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அதுதான் உங்களிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை.

எத்தனையோ பேருக்கு போன் பண்ணினோம். நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் மோட்டார்சைக்கிளில் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். வாசலில் உறவுக்காரப் பையன்கள் பத்துப் பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள், எல்லோரும் பாசிட்டிவ். இவர்களிடம் எடுத்தாலென்ன என்று அண்ணன் கத்தினார். டாக்டர் அவரைத் தனியே அழைத்துப்போனார். நானும் கூடப் போனேன்.

“வேற யாருக்காவதுன்னா இந்த நேரத்துக்கு அதையாவது ஏத்திப் பாப்போங்க. இவங்களுக்கு முடியாது. எதிர்ப்பொருள் அவ்வளவு இருக்கு. உள்ள போற ரத்தத்த ஒடச்சிரும்.”

அண்ணனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனது போதாமல் அது இன்னும் உங்களுக்குள் இருந்தது. நான் மருதாணி வைத்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாளில் உங்கள் உடம்பு கற்றுக்கொண்டது.

மாலை நாலு மணிக்கு நீங்கள் போய்விட்டீர்கள். என் ரத்தம் பாதிப் பைதான் ஏறியிருந்தது.

நாகப்பட்டினத்துக்காரர் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. விஷயத்தைச் சொன்னோம். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வந்தது வந்துவிட்டேன், யாருக்காவது வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ரத்தம் கொடுக்கப் படுத்துக்கொண்டார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா இப்போது அதிகம் பேசுவதில்லை. உங்கள் படத்துக்குத் தினமும் அவள்தான் பூ வைக்கிறாள். என்ன நினைத்து வைக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. எனக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அண்ணி.

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் பக்கத்துத் தெருவில் புதிதாக வாழ வந்த பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். இரண்டு நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றார் அவள் மாமியார். நான் வாதாடவில்லை. அந்தப் பெண்ணுக்குப் புடவை மாற்றி, கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி அழைத்துப்போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அவள் ஓ பாசிட்டிவ். ஊசி தேவையில்லை, மாத்திரை போதும் என்றார்கள்.

திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். வெகுநேரம் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அக்கா, நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?”

“இல்லம்மா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல.”

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இறங்கும்வரை அவளுக்கு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வீடு வந்ததும் என்னால் உள்ளே போக முடியவில்லை. எத்தனை வருஷம் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். யாரோ பெற்ற பெண்ணுக்குச் சொல்ல வாய் வந்தது, அண்ணி. உங்களுக்குச் சொல்லவில்லை.

செல்வி